தகவல் மறுக்கப்பட்டால், அல்லது பதிலே வராவிட்டால்: மேல்முறையீடு செய்யும் முறை

தகவல் பெறும் உரிமைச் சட்டம், 2005-இன்படி மனு அனுப்பியவர்களில் பலர், முப்பது நாள் கழிந்தும் பதில் வராவிட்டாலோ, "வழங்க இயலாது" என்று ஒற்றை வரியில் ஒரு கடிதம் வந்தாலோ, அத்துடன் முயற்சியைக் கைவிட்டுவிடுகிறார்கள். சட்டம் மனுதாரருக்குத் தந்திருக்கும் உண்மையான வலு அதற்குப் பிறகே தொடங்குகிறது என்பது அவர்களுக்கு எடுத்துச் சொல்லப்படுவதில்லை. மனு நிலையில் பொதுத் தகவல் அலுவலர் (மனுக்களுக்குப் பதில் தருவதற்கென அலுவலகத்தில் நியமிக்கப்பட்டவர்) தாம் நினைத்ததை எழுதி அனுப்பிவிடலாம். மேல்முறையீட்டில் தகவலை மறுத்தது சரி என்று மெய்ப்பிக்கும் பொறுப்பை 19(5)-ஆம் பிரிவு அவர்மீதே சுமத்துகிறது. மனுதாரர் தமக்கு ஏன் அந்தத் தகவல் வேண்டும் என்று விளக்க வேண்டியதில்லை. 6(2)-ஆம் பிரிவின்படி அதை யாரும் கேட்கவும் கூடாது.

இந்த வழிகாட்டி தமிழ்நாடு அரசின் கீழ் உள்ள அலுவலகங்களையும் உள்ளாட்சி அமைப்புகளையும் மனத்தில் கொண்டு எழுதப்பட்டது. அஞ்சல் துறை, இரயில்வே, வருங்கால வைப்பு நிதி அலுவலகம், கடவுச்சீட்டு அலுவலகம், பொதுத்துறை வங்கிகள் போன்ற மத்திய அமைப்புகளுக்கும் இதே சட்டம்தான் பொருந்தும். ஆனால் அதே அமைப்பின் மேல்நிலை அலுவலருக்குச் செய்யும் முதல் மேல்முறையீட்டுக்குப் பின் வரும் இரண்டாம் மேல்முறையீடு, சென்னையில் உள்ள தமிழ்நாடு தகவல் ஆணையத்துக்கு அல்லாமல் புது தில்லியில் உள்ள மத்தியத் தகவல் ஆணையத்துக்குச் செல்ல வேண்டும். இதில் குழம்பித் தவறான ஆணையத்துக்கு அனுப்பி, மாதக்கணக்கில் காத்திருந்த பிறகு மனு திரும்பி வருவது அடிக்கடி நடக்கிறது. எனவே தகவல் எந்த அரசின் அலுவலகத்தில் இருக்கிறது என்பதை முதலிலேயே உறுதி செய்துகொள்ள வேண்டும்.

நாட்களை எண்ணுதல்

மனு அலுவலகத்தில் பெறப்பட்ட நாளிலிருந்து 30 நாட்களுக்குள் தகவல் தரப்பட வேண்டும். ஒருவரின் உயிர் அல்லது தனிமனிதச் சுதந்திரம் தொடர்பான தகவல் என்றால் 48 மணி நேரத்துக்குள் தரப்பட வேண்டும். மனு வேறோர் அலுவலகத்துக்கு உரியது எனில், 6(3)-ஆம் பிரிவின்படி 5 நாட்களுக்குள் அதை அங்கு மாற்றி அனுப்பி மனுதாரருக்கும் தெரிவிக்க வேண்டும். "இது எங்கள் அலுவலகத்துக்குரியது அன்று, உரிய அலுவலகத்தை அணுகவும்" என்று மனுவைத் திருப்பி அனுப்புவது இப்பிரிவுக்கு முரணானது. அந்தக் கடிதமே மேல்முறையீட்டுக்குப் போதுமான காரணம். குறித்த காலத்துக்குள் பதில் இல்லை என்றால், 7(2)-ஆம் பிரிவின்படி அது தகவல் மறுக்கப்பட்டதாகவே கருதப்படும். ஆகவே நினைவூட்டுக் கடிதங்கள் எழுதிக்கொண்டிருக்கத் தேவையில்லை. அவற்றால் காலக்கெடு நீளாது. மேல்முறையீட்டுக்கான நாட்கள்தான் குறையும்.

முதல் மேல்முறையீட்டை, பதில் கிடைத்த நாளிலிருந்தோ, பதில் வந்திருக்க வேண்டிய நாளிலிருந்தோ 30 நாட்களுக்குள் செய்ய வேண்டும். மேல்முறையீட்டு அலுவலர் அதை 30 நாட்களுக்குள் முடிக்க வேண்டும்; காரணத்தை எழுத்தில் பதிவு செய்தால் மொத்தம் 45 நாட்கள் வரை எடுத்துக்கொள்ளலாம். இரண்டாம் மேல்முறையீட்டுக்கு 90 நாட்கள் உண்டு. ஓர் எடுத்துக்காட்டாக, உங்கள் மனு ஜனவரி 5 அன்று அலுவலகத்துக்குக் கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். பிப்ரவரி 4-ஆம் தேதியோடு பதிலுக்கான காலம் முடிகிறது. பதில் வரவில்லை என்றால் மார்ச் 6-க்குள் முதல் மேல்முறையீடு போய்ச் சேர வேண்டும். அது மார்ச் 2 அன்று கிடைத்ததாகக் கொண்டால், ஏப்ரல் 1-க்குள், அதிகபட்சம் ஏப்ரல் 16-க்குள், ஆணை வர வேண்டும். அப்போதும் ஒன்றும் வராவிட்டால், பாதுகாப்பாக ஏப்ரல் 1-இலிருந்தே எண்ணி ஜூன் 30-க்குள் ஆணையத்துக்கு அனுப்பிவிடுவது நல்லது. நோய் போன்ற தக்க காரணத்தால் நாள் கடந்துவிட்டால், காரணத்தைச் சொல்லித் தாமதத்தைப் பொறுத்தருளுமாறு அதே மனுவிலேயே கேட்கலாம். ஏற்பதும் ஏற்காததும் அவர்கள் முடிவு.

இந்தக் கணக்கு முழுவதும் "கிடைத்த நாள்" என்ற ஒன்றையே நம்பி நிற்கிறது. நேரில் கொடுத்தால் உங்கள் நகலில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ள வேண்டும். அஞ்சலில் அனுப்பினால், பதிவஞ்சல் சேவை 2025-இல் விரைவு அஞ்சலோடு இணைக்கப்பட்டுவிட்டதால், விரைவு அஞ்சல் இரசீதில் உள்ள எண்ணைக் கொண்டு இணையத்தில் பட்டுவாடா விவரத்தை எடுத்து அச்சிட்டு வைத்துக்கொள்ள வேண்டும். அந்த விவரம் சில மாதங்களில் இணையத்திலிருந்து மறைந்துவிடக்கூடும் என்பதால், பட்டுவாடா ஆன சில நாட்களிலேயே எடுத்துவிட வேண்டும்.

பதில் வராத நிலையில் மட்டும் கவனிக்க வேண்டிய ஒரு விதிவிலக்கு உண்டு. 30 நாட்களுக்குள் "இத்தனை பக்கங்களுக்கு இவ்வளவு கட்டணம் செலுத்தவும்" என்று கடிதம் வந்திருந்தால், அந்தக் கடிதம் அனுப்பப்பட்ட நாளிலிருந்து நீங்கள் பணம் செலுத்தும் நாள் வரையிலான காலம் கணக்கில் சேராது. மாறாக, 30 நாள் முடிந்த பிறகு பக்கத்துக்கு 2 ரூபாய் வீதம் கட்டச் சொல்லிக் கடிதம் வந்தால் கட்ட வேண்டியதில்லை. காலக்கெடு தவறிய தகவலைக் கட்டணமின்றித் தர வேண்டும் என்று 7(6)-ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது.

முதல் மேல்முறையீட்டை எழுதுதல்

மறுப்புக் கடிதத்தில் மேல்முறையீட்டு அலுவலரின் விவரமும், மேல்முறையீட்டுக்கான காலக்கெடுவும் இருக்க வேண்டும் என்பது 7(8)-ஆம் பிரிவின் கட்டளை. இல்லாவிட்டாலும், பதிலே வராவிட்டாலும், "மேல்முறையீட்டு அலுவலர், தகவல் பெறும் உரிமைச் சட்டம், 2005" என்று எழுதி, அதே அலுவலகத்தின் பெயரையும் முகவரியையும் இட்டு அனுப்பலாம். அவர் அதே அமைப்பில் பொதுத் தகவல் அலுவலரைவிட மேல்நிலையில் இருப்பவர். தமிழ்நாட்டில் முதல் மேல்முறையீட்டுக்கும் இரண்டாம் மேல்முறையீட்டுக்கும் கட்டணம் கிடையாது. மனுவுக்கு ஒட்டியது போல் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டத் தேவையில்லை.

மேல்முறையீட்டைக் கெடுப்பது பெரும்பாலும் மனுதாரரின் கோபமே. ஊரில் நடக்கும் ஊழல், அலுவலர் பேசிய பேச்சு, பல ஆண்டு அலைச்சல் எல்லாவற்றையும் கொட்டி நான்கு பக்கம் எழுதினால், கேட்ட தகவல் எது என்பதே அதற்குள் மறைந்துபோகும். அந்தக் கோபம் நியாயமானதாக இருக்கலாம். அதற்கு உரிய இடம் புகார் மனு. மேல்முறையீட்டில் இருக்க வேண்டியவை நான்கே: என்ன கேட்டேன், என்ன பதில் வந்தது, அந்தப் பதில் சட்டத்தின் எந்தப் பிரிவுக்கு முரணானது, இப்போது என்ன ஆணை வேண்டும். மனுவில் ஐந்து இனங்கள் (தனித்தனியே கேட்ட தகவல்கள்) இருந்தால், ஐந்தையும் வரிசை எண்ணோடு தனித்தனியே எடுத்துக்கொள்ள வேண்டும். இரண்டுக்குச் சரியான பதில் வந்திருந்தால், அதையும் நேர்மையாக எழுதிவிட்டு மீதி மூன்றைப் பற்றி மட்டும் பேசினால், படிப்பவருக்கு உங்கள்மீது மதிப்பு ஏற்படும். மனுவில் கேட்காத புதிய தகவலை மேல்முறையீட்டில் சேர்க்க முடியாது. அதற்குப் புது மனுதான் போட வேண்டும்.

ஒரு பேரூராட்சியில் போடப்பட்ட சாலைப் பணியின் மதிப்பீடு, பணி ஆணை, அளவுப் புத்தகம், ஒப்பந்ததாரருக்குத் தொகை வழங்கிய பட்டியல் ஆகியவற்றின் நகல்களைக் கேட்டு, "மூன்றாம் நபர் தொடர்பான தகவல் என்பதால் வழங்க இயலாது" என்று பதில் வந்த நிலையை எடுத்துக்கொள்வோம். "பொருள்", "பார்வை" என்ற இரண்டு தலைப்புகளின் கீழ் உங்கள் மனுவின் நாளையும், பதில் கடிதத்தின் ந.க. எண்ணையும் (அலுவலகக் கோப்பு எண்) நாளையும் குறித்த பின், மேல்முறையீட்டின் நடுப்பகுதி ஏறத்தாழ இவ்வாறு அமையலாம்:

"பார்வை 1-இல் கண்ட எனது மனுவின் இனம் 3-இல், மேற்படி சாலைப் பணிக்கான அளவுப் புத்தகத்தின் நகலைக் கோரியிருந்தேன். பார்வை 2-இல் கண்ட கடிதத்தில், இது மூன்றாம் நபர் தொடர்பான தகவல் எனக் கூறிப் பொதுத் தகவல் அலுவலர் மறுத்துள்ளார். அளவுப் புத்தகம் பேரூராட்சியின் பொறியாளரால் எழுதப்பட்டுப் பேரூராட்சியால் பராமரிக்கப்படும் ஆவணம். பொதுமக்கள் பணத்தில் நடந்த பணியின் அளவுகளே அதில் உள்ளன. சட்டத்தின் எந்த விலக்குப் பிரிவின் கீழ் மறுக்கப்படுகிறது என்பதும் கடிதத்தில் குறிப்பிடப்படவில்லை. பிரிவு 11-இல் கூறப்பட்டவாறு ஒப்பந்ததாரருக்கு அறிவிப்பு அனுப்பி அவரது கருத்து பெறப்பட்டதாகவும் தெரியவில்லை. எனவே இனம் 3-இல் கோரிய நகலை, பிரிவு 7(6)-இன்படி கட்டணமின்றி, 15 நாட்களுக்குள் வழங்க ஆணையிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்."

கட்டணமின்றி என்ற சொல்லை, மறுப்புக் கடிதமே 30 நாட்களுக்குப் பின் வந்திருந்தால் மட்டும் சேர்க்க வேண்டும். இறுதியில், விசாரணைக்கு நேரில் வர விரும்புகிறீர்களா என்பதையும் ஒரு வரியில் எழுதிவிடலாம். மனுவின் நகல், அனுப்பியதற்கான சான்று, பதில் கடிதத்தின் நகல் ஆகியவற்றை இணைத்து, அனுப்பும் தொகுப்பை அப்படியே இன்னொரு நகல் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்.

மறுப்புக்குச் சொல்லப்படும் காரணங்கள்

மறுப்புக் கடிதங்களில் திரும்பத் திரும்ப வரும் காரணங்கள் ஒரு கைக்குள் அடங்கும். அவற்றுள் "மூன்றாம் நபர்" என்பதுதான் மிக அதிகமாகத் தவறாகப் பயன்படுத்தப்படுகிறது. ஒரு தகவலில் வேறொருவர் பெயர் இருப்பதாலேயே அதை மறுத்துவிட முடியாது. அவரைப் பற்றிய, அல்லது அவர் கொடுத்த தகவலாக இருந்து, அதை அவர் இரகசியமாகக் கருதியிருந்தால்தான் 11-ஆம் பிரிவு எழும். அப்போதும் 5 நாட்களுக்குள் அவருக்கு அறிவிப்பு அனுப்பி, கருத்துச் சொல்ல 10 நாட்கள் கொடுத்து, மனு கிடைத்த 40 நாட்களுக்குள் அலுவலர்தான் முடிவெடுக்க வேண்டும். மூன்றாம் நபரின் எதிர்ப்பு கருத்தில் கொள்ளப்பட வேண்டிய ஒன்றே, அது முடிவாகிவிடாது.

"தனிப்பட்ட தகவல்" என்ற காரணம் இப்போது முன்னைவிடக் கடினமாகிவிட்டது என்பதைச் சொல்லாமல் இருப்பது நேர்மையாகாது. முன்பு 8(1)(ஜே) பிரிவு, பொதுப்பணியோடு தொடர்பில்லாத, அல்லது தேவையின்றி அந்தரங்கத்தில் தலையிடுகிற தனிப்பட்ட தகவலை மட்டுமே விலக்கியது. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 44(3)-ஆம் பிரிவு 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்தபின், அந்த வரையறைகள் நீங்கி, "தனிப்பட்ட தகவல்" என்பதே விலக்குக்குப் போதும் என்ற நிலை உண்டாகியிருக்கிறது. மக்களின் உரிமையை இது வெகுவாகச் சுருக்கிவிட்டது என்பது என் உறுதியான கருத்து. எனினும் வழி முழுவதும் அடைபடவில்லை. பொதுநலன் பாதுகாக்கப்படும் நலனைவிட மேலோங்கி நின்றால் தகவலைத் தரலாம் என்னும் 8(2)-ஆம் பிரிவு அப்படியே இருக்கிறது. எனவே இத்தகைய மேல்முறையீட்டில், காரணம் சொல்லத் தேவையில்லை என்ற உரிமையை மட்டும் நம்பாமல், இந்தத் தகவலால் பொதுமக்களுக்கு என்ன நன்மை என்பதைத் தெளிவாக எழுத வேண்டும். அலுவலர்களின் மாத ஊதியம், மானியத் திட்டங்களின் பயனாளிகள், சலுகையும் அனுமதியும் பெற்றவர்கள் ஆகியோரின் விவரங்களை அலுவலகமே தானாக முன்வந்து வெளியிட வேண்டும் என்று 4(1)(பி) பிரிவு சொல்கிறது. நீங்கள் கேட்டது அந்த வகையில் அடங்குமானால் அதை எடுத்துக்காட்டுங்கள். மேலும், மறைக்க வேண்டிய பகுதியை மட்டும் மறைத்து மீதியைத் தர வேண்டும் என்னும் 10-ஆம் பிரிவையும் மாற்று வேண்டுகோளாகச் சேர்க்கலாம். கைபேசி எண், வங்கிக் கணக்கு எண் போன்றவை எனக்குத் தேவையில்லை என்று நீங்களே எழுதிவிட்டால், மறுப்பதற்கான இடம் இன்னும் குறையும்.

"விசாரணை நிலுவையில் உள்ளது" என்று 8(1)(எச்) பிரிவைக் காட்டி மறுத்தால், அந்தத் தகவலைத் தருவது விசாரணையை எவ்வாறு தடுக்கும் என்பதை அலுவலர் விளக்கியிருக்கிறாரா என்று பாருங்கள். விசாரணை நடக்கிறது என்பது மட்டுமே மறுப்புக்குப் போதாது என்று தில்லி உயர் நீதிமன்றம் பகத் சிங் வழக்கில் 2007-இல் தீர்ப்பளித்தது. வேறு மாநில உயர் நீதிமன்றத் தீர்ப்பு என்றாலும், ஆணையத்தின் முன் எடுத்துக்காட்டத் தக்கது.

"கோப்பு கிடைக்கப்பெறவில்லை" என்பது சட்டத்தில் இல்லாத விலக்கு. 8, 9-ஆம் பிரிவுகளில் எங்கும் அது காணப்படாது. கோப்பைத் தேடியதற்கான பதிவு என்ன, கடைசியாக அது யார் பொறுப்பில் இருந்தது, காணாமற்போனதற்கு யார் பொறுப்பு என்று விசாரிக்கவும், மற்ற அலுவலகங்களில் உள்ள நகல்களைக் கொண்டு கோப்பை மீளுருவாக்கவும் ஆணையிடுமாறு கேளுங்கள். சாலைப் பணியின் தொழில்நுட்ப ஒப்புதல் மேல்நிலை அலுவலகத்தில் வழங்கப்பட்டிருந்தால் அங்கும் ஒரு நகல் இருக்கும். இப்படி இருக்கக்கூடிய இடத்தை நீங்களே சுட்டிக்காட்டினால், தேடிப் பார்த்தோம் என்று சொல்லித் தப்ப முடியாது.

"தகவல் மிக விரிவானது, திரட்ட இயலாது" என்ற பதிலுக்கு 7(9)-ஆம் பிரிவு காட்டப்படுவதுண்டு. அந்தப் பிரிவு தகவல் தரும் வடிவத்தை மாற்றிக்கொள்ளத்தான் இடம் தருகிறது. தகவலையே மறுக்க இடம் தரவில்லை. அப்படியானால் கோப்புகளை நேரில் பார்வையிட்டு, தேவையான பக்கங்களைக் குறித்துக் கொடுக்கிறேன் என்று எழுதுவதே நடைமுறையில் பயன் தரும். பார்வையிடுதலும் தகவல் பெறும் உரிமையின் ஒரு பகுதி என்று 2(ஜே) பிரிவு கூறுகிறது.

ஒரு மறுப்பு மட்டும் பெரும்பாலும் சரியானது. "ஏன் இந்தச் சாலை போடப்படவில்லை?", "இது நியாயமா?" என்பவை போன்ற கேள்விகளுக்கு, பதிவேட்டில் இல்லாத விளக்கத்தை உருவாக்கித் தர அலுவலர் கடமைப்பட்டவர் அல்லர். 2011-இல் மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் தொடர்பான ஆதித்ய பந்தோபாத்யாய வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவுபடுத்திவிட்டது. இத்தகைய மறுப்பை எதிர்த்து மாதங்களை வீணாக்குவதைவிட, "அந்தச் சாலை குறித்த கோப்பில் உள்ள குறிப்புகள், கடிதங்கள், தீர்மானங்களின் நகல்" என்று மாற்றிப் புது மனு போடுவதே மேல்.

கூட்டுறவுச் சங்கங்கள் "இச்சட்டம் எங்களுக்குப் பொருந்தாது" என்று எழுதுவதும் வழக்கம். 2013-ஆம் ஆண்டின் தலப்பலம் கூட்டுறவு வங்கி வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த வாதத்துக்குப் பெருமளவு இடம் தந்திருக்கிறது. ஆனால் சங்கத்திடமிருந்து கூட்டுறவுப் பதிவாளர் சட்டப்படி பெறக்கூடிய தகவல் அனைத்தும் 2(எஃப்) பிரிவின்படி தகவலே ஆகும் என்பதால், மனுவைக் கூட்டுறவுத் துறையின் சரகத் துணைப் பதிவாளர் அலுவலகத்துக்கு அனுப்புங்கள்.

இரண்டாம் மேல்முறையீடும் விசாரணையும்

முதல் மேல்முறையீட்டுக்கு ஆணை வராவிட்டாலோ, வந்த ஆணை மனநிறைவு தராவிட்டாலோ, 19(3)-ஆம் பிரிவின் கீழ், சென்னை நந்தனத்தில் உள்ள தமிழ்நாடு தகவல் ஆணையத்துக்கு மேல்முறையீடு செய்யலாம். மனு, பதில், முதல் மேல்முறையீடு, அதன் மீதான ஆணை, அஞ்சல் சான்றுகள் ஆகியவற்றைத் தேதி வரிசையில் அடுக்கிப் பக்க எண்ணிட்டு, முகப்பில் ஒரு பொருளடக்கமும், நிகழ்வுகளைத் தேதிவாரியாகக் காட்டும் ஒரு பட்டியலும் வைத்தால், கோப்பை எடுப்பவர் ஐந்து நிமிடத்தில் வழக்கைப் புரிந்துகொள்வார். எதிர்மனுதாரர்களாகப் பொதுத் தகவல் அலுவலரையும் மேல்முறையீட்டு அலுவலரையும் பதவிப் பெயரால் குறிப்பிட்டால் போதும்.

வேண்டுகோளில் மூன்றைக் கேட்கலாம்: தகவலைத் தர ஆணை, 20(1)-ஆம் பிரிவின்படி தாமதமான ஒவ்வொரு நாளுக்கும் 250 ரூபாய் வீதம், 25,000 ரூபாய்க்கு மிகாத தண்டத்தொகை, உண்மையில் இழப்பு நேர்ந்திருந்தால் 19(8)(பி) பிரிவின்படி இழப்பீடு. தண்டத்தொகை உங்களுக்கு வராது, அரசுக்குச் செல்லும். இழப்பீடு கேட்பதானால் பயணச் செலவு, இழந்த கூலி போன்றவற்றைச் சான்றுகளோடு காட்ட வேண்டும்.

இதற்குப் பதிலாக 18-ஆம் பிரிவின் கீழ் நேரடியாகப் புகார் அனுப்பும்படி சிலர் ஆலோசனை சொல்வார்கள். புகாரின் மீது ஆணையம் அலுவலருக்குத் தண்டம் விதிக்கலாமே தவிர, தகவலைத் தரும்படி ஆணையிட முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2011-இல் மணிப்பூர் மாநில வழக்கில் தீர்ப்பளித்திருக்கிறது. உங்களுக்குத் தகவல்தான் தேவை என்றால் 19-ஆம் பிரிவே வழி. பொதுத் தகவல் அலுவலரே நியமிக்கப்படவில்லை, மனுவையே வாங்க மறுத்தார்கள் என்பன போன்ற நிலைகளுக்குத்தான் புகார் பொருத்தமானது.

விசாரணை அறிவிப்பு வருவதற்கு நெடுங்காலம் ஆகலாம். அறிவிப்பு வந்ததும் அலுவலகம் விழித்துக்கொள்ளும். "நேரில் வந்து தகவலைப் பெற்றுச் செல்லவும்" என்று தொலைபேசி வரும், அல்லது விசாரணை நாளன்றே ஒரு கட்டுக் காகிதம் கையில் தரப்படும். அந்த நேரத்தில் "கோரிய தகவல்கள் அனைத்தையும் முழுமையாகப் பெற்றுக்கொண்டேன்" என்று எழுதிக் கையொப்பமிடச் சொல்வார்கள். சரிபார்க்காமல் அப்படி எழுதிக் கொடுக்கவே கூடாது. "இத்தனை பக்கங்கள் பெற்றேன், சரிபார்த்தலுக்கு உட்பட்டது" என்று எழுதி, தேதியிட்டு, அதன் நகல் ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். அளவுப் புத்தகம் கேட்டால் அட்டையும் முதல் பக்கமும் மட்டும் தரப்படுவதும், நகல் படிக்க முடியாதபடி கறுத்திருப்பதும், சான்றொப்பம் இல்லாமல் இருப்பதும் நடக்கக்கூடியவை. இந்தக் குறைகளை விசாரணையிலேயே சொன்னால் ஆணையில் பதிவாகும். பிறகு சொன்னால் கேட்பாரில்லை.

விசாரணையில் பேசக் கிடைக்கும் நேரம் குறைவு. எந்தெந்த இனங்களுக்கு இன்னும் தகவல் வரவில்லை என்பதை ஒரே தாளில் எழுதி ஆணையரிடம் கொடுத்துவிட்டு, அதை மட்டும் சொல்லுங்கள். நேரில் செல்ல முடியாவிட்டால் எழுத்து மூலமான வாதுரையை முன்கூட்டியே அனுப்பலாம். தகவல் கேட்டதற்காக யாரேனும் மிரட்டினால், அதைத் தனியாகக் காவல்துறையில் புகாராகப் பதிவு செய்து, அதன் நகலை ஆணையத்துக்கும் அனுப்பிவையுங்கள். இதைத் தள்ளிப்போட வேண்டாம்.

ஆணையத்தின் ஆணை அலுவலகத்தைக் கட்டுப்படுத்தும் என்று 19(7)-ஆம் பிரிவு கூறுகிறது. ஆணையில் குறிப்பிட்ட நாளுக்குள் தகவல் வராவிட்டால், ஆணையின் வழக்கு எண்ணைக் குறிப்பிட்டு, ஆணை நிறைவேற்றப்படவில்லை என்று ஆணையத்துக்கு உடனே எழுத வேண்டும். அதன் நகலைத் துறைத் தலைவருக்கும் அனுப்பலாம். ஆணையே தவறு என்றால், கீழ் நீதிமன்றங்களில் வழக்குத் தொடுக்க 23-ஆம் பிரிவு தடை விதித்திருப்பதால், அரசமைப்புச் சட்டத்தின் 226-ஆம் பிரிவின்படி சென்னை உயர் நீதிமன்றத்திலோ அதன் மதுரைக் கிளையிலோ நீதிப்பேராணை (ரிட்) மனுத் தாக்கல் செய்வதே எஞ்சியிருக்கும் வழி. வழக்கறிஞருக்குச் செலவிட இயலாத பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், வருமான வரம்புக்குள் வருபவர்கள் ஆகியோர் இதற்கு உயர் நீதிமன்றச் சட்டப் பணிகள் குழுவை அணுகி இலவச வழக்கறிஞரைக் கோரலாம். மனுவிலிருந்து ஆணை வரை தேதி வரிசையில் நீங்கள் அடுக்கி வைத்திருக்கும் அதே கோப்பை எடுத்துச் சென்றால் போதும்.